தலைக்கு மேல் தெர்மாகோல்

ஒரகடத்தில் இன்று காலை பஸ்ஸுக்கு நிற்கும்போது அந்த நாற்றம் வந்தது. ஏதோ கம்பெனி மதிலுக்குப் பின்னால் தெர்மாகோலைக் கொளுத்துகிறார்கள். பக்கத்தில் நின்ற பெண் துப்பட்டாவால் மூக்கை மூடிக்கொண்டாள். நான் மூடவில்லை. கோபம் வந்துவிட்டால் எனக்கு நாற்றம் தெரியாது.

நான் எட்டாவதோடு நின்றவள். கோர்வையாக எழுத வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

வல்லம் வடகாலில் ஒரு லைன் வீட்டில் மூன்று பேர் இருந்தோம். நான், கலா, விளாத்திகுளத்துப் பக்கமிருந்து வந்த முத்துச்செல்வி. மூவருக்கும் ஒரே கம்பெனி. மேலே சிமெண்டு ஷீட். நைட் ஷிப்ட் முடித்து வந்து பகலில் படுத்தால் அப்பளமாகப் பொரிய வேண்டியதுதான். வீட்டுக்காரம்மாவிடம் சொன்னால், "வெயில நானா வுடறேன்?" என்பாள்.

தூங்காமல் போய் பிரஸ் மெஷின் முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று நின்றவர்களுக்குத் தெரியும். ஒருநாள் கலாவுக்குக் கண் செருகிவிட்டது. கையுறை போயிற்று, விரல் தப்பியது. அன்றைக்குத்தான் முத்துச்செல்வி கூரையை அண்ணாந்து பார்த்தாள்.

அவளுக்குக் கை சும்மா இருக்காது. ஒழுகும் குழாயில் சைக்கிள் ட்யூபைக் கிழித்துச் சுற்றுவாள். அறுந்த செருப்பைப் பழைய ஐடி கார்டு கயிற்றால் தைப்பாள். விரிசல் விட்ட பிளாஸ்டிக் வாளியைக் காய்ச்சிய கத்தியால் இழுத்து ஒட்டுவாள். நானும் ஒருமுறை ஃபேனை ரிப்பேர் பார்த்தேன். அதற்கப்புறம் அது பின்பக்கமாகச் சுற்றியது. அதை விடுங்கள்.

கம்பெனிக்குப் பார்ட்ஸ் பெட்டியில் வரும் தெர்மாகோல் பலகையெல்லாம் குப்பைக்குத்தான் போகும். சூடு இறங்காமலிருக்க முதலில் அதை மைதா பசை காய்ச்சிக் கூரையில் ஒட்டினோம். மத்தியானச் சூட்டில் பசை விட்டு ஒரு பலகை கலாவின் முகத்தில் விழுந்தது.

"தூங்க வைக்கறீங்களா, ஒரேயடியா அனுப்பறீங்களாடி?"

பிறகு முத்துச்செல்வி, பெட்டி கட்டி வரும் பிளாஸ்டிக் பட்டையைக் கட்டில் பின்னுவதுபோல் கூரைக் கம்பிகளில் குறுக்கும் நெடுக்கும் இழுத்துக் கட்டினாள். அதன்மேல் பலகைகளைச் சொருகினாள். கலா படுக்கும் இடத்துக்கு முதலில். அப்புறம் எனக்கு. நாங்கள் இரண்டு பேரும் பகலில் தூங்கினோம். அவள் இடம் பாக்கி.

குப்பையில் வேண்டியதை எடுத்து டாய்லெட்டுக்குப் பின்னால் மதிலுக்கு வெளியே எறிந்துவிடுவோம். ஷிப்ட் முடிந்து போய்ப் பொறுக்கிக்கொள்வோம். எல்லோரும் அப்படித்தான். செக்யூரிட்டிக்கும் தெரியும். முத்துச்செல்விக்கு அது பிடிக்கவில்லை. எங்களுக்காக எறிந்தாள். தனக்கென்று வரும்போது மாட்டேன் என்றாள்.

"களவாணி மாதிரி எதுக்கு எறியணும்? கேட்டா குடுத்திட்டுப் போறாக."

"லூசாடி நீ? குப்பைய போய் யார்னா கேப்பாங்களா?" என்றாள் கலா.

அவள் லைன் சூப்பர்வைசரிடம் கேட்டாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

"குப்பதான, எட்த்துக்கினு போ" என்றார்.

பலகைகளோடு வெளியே வந்தவளைக் கேட்டில் நிறுத்தினார்கள். பலகையில் பார்ட் நம்பர் ஸ்டிக்கர் இருந்தது. கம்பெனி மெட்டீரியல் என்றார்கள். அவள் சூப்பர்வைசரைச் சொன்னாள். அவர் வந்தார். பலகையைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை.

"நான் ஒண்ணும் சொல்லல சார்."

"அண்ணே, நீங்கதான சொன்னீக" என்றாள். ஒருமுறைதான்.

அவர் சொன்னதை என் காதால் கேட்டேன் என்று நானும் சொன்னேன்.

"உனுக்கும் வேல வேணாமா?" என்றார் செக்யூரிட்டி ஆபீசர். திரும்பவும் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

காண்ட்ராக்ட் ஆள். கார்டை வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். பலகைகளை உள்ளே கொண்டுபோய்க் கொளுத்தினார்கள்.

மறுநாள் அவள் பையைக் கட்டினாள். கூரை மூடாத இடத்தில் உட்கார்ந்துதான் கட்டினாள். முதுகெல்லாம் வேர்வை. இங்கே வந்து படு என்றேன். "எங்கூர்ல பாக்காத வெயிலாக்கா" என்றாள்.

அந்த லைன் வீடு இப்போது இல்லை. லாரி நிறுத்துகிறார்கள். மதிலுக்கு மேல் முள்கம்பி வந்துவிட்டது. பெண்களை ஹாஸ்டலில் வைத்திருக்கிறார்கள். சுவரில் ஆணி அடிக்கக் கூடாதாம். குழாய் ஒழுகினால் வாட்ஸப்பில் போட வேண்டும். போட்டுவிட்டு ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு இருக்க வேண்டும்.

அந்த சூப்பர்வைசர் மேனேஜர் ஆகிவிட்டார். எறிந்து எடுத்த நாங்கள் எல்லோரும் வேலையில் இருந்தோம். கேட்டு எடுத்தவள் ஒருத்தி. அவளைத்தான் திருடி என்று சொல்லி அனுப்பினார்கள்.