ஹரிப்பிரியாவின் சிறுநீரகமும் மன்றத்தின் மானமும்

மோகனதாஸ் சிட்னியில் பேருந்து ஓட்டுகிறவர். மலேசியாவில் ஈப்போவிலிருந்து வந்து, மேற்குப் பக்கத்து ரோடுகளிலேயே பாதி ஆயுளை ஓட்டிக் கழித்தவர். குடித்துவிட்டு ஏறுகிறவன் கெட்ட வார்த்தை பேசினாலும் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு வண்டியை எடுப்பார். கல்யாணமாகிப் பல வருடம் கழித்துப் பிறந்த ஒரே மகள் ஹரிப்பிரியா. அவளுக்கு நான்கு வயது. நார்த்மீட்டில் இரண்டு அறை வீட்டில் அவரும் மனைவி தனேஸ்வரியும் அந்தக் குழந்தையைச் சுற்றியே வாழ்ந்தார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை தமிழ்க் குடும்ப மன்றம் பூங்காவில் குடும்ப தினம் வைத்திருந்தது. மோகனதாஸுக்கு டியூட்டி. தனேஸ்வரிதான் குழந்தையைக் கூட்டிக்கொண்டு போனாள். மழை வருகிற மாதிரி இருந்தது, வரிசையோ நீளம். மன்றத் தலைவர் கோபாலகிருஷ்ணனே ஏப்ரன் கட்டிக்கொண்டு அடுப்பில் நின்றார். ஆட்டுக் கொத்துக்கறியைத் தட்டையாகத் தட்டி வாட்டி, ரொட்டிக்குள் வைத்துக் கொடுத்தார்கள். தனேஸ்வரிக்கு ஆட்டுக்கறி வாடை ஆகாது. ஹரிப்பிரியா பாதி தின்றாள். மீதியைக் குப்பையில் போடும்போது கறி உள்ளே ரோஸ் நிறத்தில் இருந்ததைத் தனேஸ்வரி பார்த்தாள். பெரியவர்கள் சமைத்தது, சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

புதன்கிழமை குழந்தைக்கு வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. பக்கத்து டாக்டர், "வைரஸ்தான், தண்ணி குடுங்க" என்றார். அன்று சாயங்காலமும் நிற்கவில்லை. வயிற்றுப்போக்கை நிறுத்துகிற மாத்திரை ஒன்று வீட்டில் இருந்தது. அதில் கால்வாசியைத் தேனில் குழைத்துக் கொடுத்தாள் தனேஸ்வரி. மறுநாள் போனது வெறும் ரத்தம்.

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் அவர்களைப் பார்த்த டாக்டர் சத்தியபாமா, சிட்னியிலேயே வளர்ந்த யாழ்ப்பாணத்துப் பெண்.

"ஆன்டிபயாட்டிக் போடுங்க டாக்டர், பிள்ள துவண்டு போச்சு" என்று கெஞ்சினாள் தனேஸ்வரி.

"இல்லை அன்ரி, இப்ப அது குடுக்கக் கூடாது."

"குடுக்கக் கூடாதா? என்னா டாக்டர் நீங்க? ரத்தம் போவுது லா!" மோகனதாஸின் குரல் வார்டு முழுக்கக் கேட்டது.

சத்தியபாமா கோபித்துக்கொள்ளவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள். "அங்கிள், இது ஒரு வகை ஈ.கோலை பாக்டீரியாவின்ர வேலை போலக் கிடக்கு. பாக்டீரியா குடலோட நிக்கும். அது விடுற நஞ்சுதான் ரத்தத்துக்குள்ள போகும். மருந்தால அதை அடிச்சா, சாகேக்க இன்னும் கூட நஞ்சை விடலாம். அதான் பயம். போக்கை நிப்பாட்டுற மாத்திரை ஏதும் குடுத்தனீங்களோ?"

தனேஸ்வரி தலையைக் குனிந்தாள். "கொஞ்சம்..."

"உங்களுக்குத் தெரியாது தானே. அது குடலை அசைய விடாது. நஞ்சு உள்ளயே தங்கிப்போடும். இனிக் குடுக்க வேண்டாம்."

சேலைன் ஏற்றினார்கள். வயிற்றுப்போக்கு குறைந்தது. தப்பித்தோம் என்று நினைத்திருந்த நேரத்தில் குழந்தை வெளுத்துப்போனாள். முகமும் கண்ணிமையும் வீங்கின. மூத்திரம் போகவே இல்லை.

அன்றைக்குத்தான் சத்தியபாமா முழுவதையும் சொன்னாள். அந்த நஞ்சுக்கு இரண்டு பாகம் உண்டு. ஒரு பாகம் பிடித்துக்கொள்ள, இன்னொன்று கொல்ல. சிறுநீரகத்தின் மெல்லிய ரத்தக் குழாய்களில், உட்சுவர் செல்களின் மேல் அது பிடித்துக்கொள்ள ஏற்ற இடம் இருக்கிறது. அங்கே ஒட்டும். தன் சாப்பாடு என்று நினைத்து செல்லே அதை உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போன இரண்டாவது பாகம், செல் தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்கிற இடத்தைத் தேடிப் போய் முடக்கும். புரதம் செய்ய முடியாத செல் சாகும். செத்த சுவரில் பொடிப்பொடியாக ரத்தம் உறையும். அந்த அடைப்புக்குள் முண்டியடித்துப் போகிற சிவப்பணுக்கள் கிழிந்து நாசமாகும். குழந்தை வெளுத்தது அதனால்தான். மூத்திரம் நின்றதும் அதனால்தான்.

"பாதி ரொட்டியில இருந்தா?" என்றார் மோகனதாஸ்.

"ஓம் அங்கிள். இந்தக் கிருமி கொஞ்சம் உள்ள போனாலே காணும். முழு இறைச்சித் துண்டெண்டா கிருமி வெளிப்பக்கம்தான் இருக்கும், சூட்டில செத்திடும். அரைச்ச இறைச்சியில நடுவுக்கும் போயிடும். நடு வேகாட்டி அது சாகாது."

வயிற்று வழியாக டயாலிசிஸ் தொடங்கியது. கையகலம்கூட இல்லாத அந்த வயிற்றில் குழாய் போட்டிருந்ததைப் பார்த்துவிட்டு மோகனதாஸ் வராந்தாவுக்குப் போய்விட்டார்.

பொதுச் சுகாதாரத் துறையிலிருந்து ஒரு பெண் போன் செய்து, குழந்தை எங்கே என்ன சாப்பிட்டாள், வேறு யாருக்காவது இப்படி இருக்கிறதா என்று கேட்டாள். மோகனதாஸ் கோபாலகிருஷ்ணனைக் கூப்பிட்டார்.

"அப்படி யாரும் எனக்குச் சொல்லலையே சார்" என்றார் கோபாலகிருஷ்ணன். "நூத்துக்கணக்குல சாப்பிட்டாங்க. எல்லாரும் நல்லாத்தான் இருக்காங்க. வீட்ல என்ன குடுத்தாங்கன்னு மேடத்தைக் கேட்டுப் பாருங்க. ஃபிரிட்ஜ்ல பழசு கிழசு இருந்திருக்கும். தயவுசெஞ்சு கவர்மென்ட் வரைக்கும் மன்றத்தோட பேரைக் கொண்டு போயிடாதீங்க. அப்புறம் கவுன்சில்ல பார்க்கே தர மாட்டான்."

மோகனதாஸ் போனை வைத்தார். பிறகு சுகாதாரத் துறைப் பெண்ணுக்கு மன்றத்தின் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார்.

இரண்டொரு நாளில் சிறிதரன் ஆஸ்பத்திரிக்கு வந்தார். லிட்கம்மில் இருக்கிற, மன்றத்தில் முகம் பழகிய ஆள். கான்டீனில் காப்பியைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

"அண்ணை, என்ர மகனுக்கும் ரத்தமாப் போனது. அந்தப் புதன்கிழமை காலமையே தலைவருக்குப் போன் அடிச்சுச் சொன்னனான். தான் விசாரிக்கிறன், அதுவரைக்கும் ஒருத்தருக்கும் மூச்சு விட வேண்டாம் எண்டவர். பெடியனுக்குச் சுகமாப் போச்சு. நானும் பேசாமல் இருந்திட்டன்."

"புதன்கிழம காலையிலயா?"

"ஓம் அண்ணை."

புதன்கிழமை காலையில் தனேஸ்வரி அந்த மாத்திரையைத் தொட்டிருக்கக்கூட இல்லை. மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு வரி வந்திருந்தால், வைரஸ் என்று சொல்லி அந்த டாக்டர் அவர்களை அனுப்பியிருக்க மாட்டார். அன்றைக்கே சேலைன் ஏறியிருக்கும். அந்தப் புதன்கிழமை குழுவில் வந்தது என்ன என்று மோகனதாஸ் போனில் தள்ளிப் பார்த்தார். ஏப்ரனோடு சிரிக்கும் தலைவரின் படங்கள் வரிசையாக வந்திருந்தன. அடியில் நாற்பது பேர் கைகூப்பியிருந்தார்கள்.

மன்றத்தின் அடுத்த கூட்டத்துக்கு மோகனதாஸ் டியூட்டி முடிந்த கையோடு சீருடையிலேயே போனார். தலைவர், "நம்ம மோகன் சார் குழந்தைக்காக எல்லாரும் பிரார்த்தனை பண்ணுவோம்" என்று ஆரம்பித்தார்.

"பிரார்த்தன வேணாம், உட்காருங்க" என்றார் மோகனதாஸ். அவர் மைக்கை வாங்கவில்லை. வாங்க வேண்டிய அவசியமும் இருக்கவில்லை. "கறி வேகல, அது தப்பு. தெரியாம நடந்துச்சு, நான் மன்னிச்சிருவேன். யார் வீட்லயும் நடக்கும். ஆனா இன்னொரு பிள்ளைக்கு ரத்தம் போவுதுன்னு உங்களுக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சுகிட்டு என் பொஞ்சாதிய, பழைய சோறு போட்டவன்னு சொன்னீங்க. அவ இன்னைக்கு வரைக்கும் தான்தான் பிள்ளையக் கெடுத்துட்டோம்னு அழுவுறா. எம் பிள்ள வயித்துல குழாய் போட்டு ரத்தத்தச் சுத்தம் பண்றாங்க. உங்களுக்குப் பார்க் போயிடுமேன்னு கவலையா?"

"சார், சபை மரியாதை..."

"மரியாதையா? இங்க இன்னும் எத்தன வீட்ல வாய மூடிக்கிட்டு இருக்கீங்க? கை தூக்குங்க!"

சிறிதரன்தான் முதலில் எழுந்தார். பிறகு பின்வரிசையில் ஒரு தாய், குழந்தையை மடியில் வைத்துக்கொண்டே கையை உயர்த்தினாள். அப்புறம் இன்னும் இருவர். ஒரு கணவன் மனைவியின் கையைப் பிடித்து இறக்கியதையும் மோகனதாஸ் பார்த்தார்.

பரிசோதனையில் சிறிதரன் மகனின் மலத்திலும் ஹரிப்பிரியாவின் மலத்திலும் ஒரே கிருமிதான் இருந்தது. கறி மிச்சமில்லை. அதனால் எங்கிருந்து வந்தது என்று அடித்துச் சொல்ல முடியவில்லை என்றது அறிக்கை. யாருக்கும் தண்டனை இல்லை. முன்னமே வந்திருந்தால் சிறுநீரகம் தப்பியிருக்குமா என்று தனேஸ்வரி கேட்டபோது சத்தியபாமா பொய் சொல்லவில்லை. "தப்பியிருக்கலாம் அன்ரி. நிச்சயமாச் சொல்ல ஏலாது. ஆனா உங்களில பிழை இல்லை."

ஒரு காலைநேரம் நர்ஸ் டயப்பரை எடை போட்டுவிட்டுச் சிரித்தாள். மூத்திரம் வந்திருந்தது. தனேஸ்வரி அந்த நர்ஸைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதற்குப் பிறகு மெல்ல மெல்லக் குழாய்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. குழந்தை வீட்டுக்கு வந்தாள். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை தொடர்கிறது. பெரியவளாகும் வரை பரிசோதனைக்குப் போய்க்கொண்டே இருக்க வேண்டும்.

மன்றத்தில் பாதிப் பேர் அவர்களோடு பேசுவதை நிறுத்திவிட்டார்கள். கோபாலகிருஷ்ணன் மட்டும் பொங்கலுக்கு முன்னால் போன் செய்தார். ஆண்டு மலர் போடுகிறார்களாம். குழந்தை பிழைத்த கதையை, மன்றம் துணைக்கு நின்றதையும் சேர்த்து, இரண்டு பத்தி எழுதித் தரச் சொன்னார்.

"எழுதித் தர்றேன். நீங்க என்கிட்ட சொன்னது, சிறிதரன்கிட்ட சொன்னது, எல்லாத்தையும் எழுதுறேன். ஒரு வார்த்த வெட்டாமப் போடுவீங்களா?" என்றார் மோகனதாஸ்.

மறுமுனையில் இருமல் சத்தம் கேட்டது. யோசித்துச் சொல்வதாகக் கோபாலகிருஷ்ணன் சொன்னார். அவர் திரும்பக் கூப்பிடவில்லை. ஆனாலும் மோகனதாஸ் எழுதினார். மலரில் அது அச்சாகவில்லை. அந்த இரண்டு பத்தியை மன்றத்தின் வாட்ஸ்அப் குழுவில் அவரே போட்டார். போட்ட கொஞ்ச நேரத்தில் அவரைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். அதற்குள் பலர் படித்துவிட்டிருந்தார்கள்.