கல்குடா போகும் வழியில் ஒரு பழைய கார்

சென்னையிலிருந்து வந்த நான், இன்று மட்டக்களப்பில் ஒரு பழைய காரைப் பிடித்துக் கல்குடாவுக்குக் கிளம்பினேன்.

வாழைச்சேனை தாண்டியதும் டிரைவர் பேச்சை நிறுத்திவிட்டார். திடீரென்று ஆளில்லாத மணல் பாதையில் காரைத் திருப்பினார். என் பக்கக் கதவு உள்ளேயிருந்து திறக்கவில்லை.

"எங்கே போறீங்க?" என்று கத்தினேன்.

"கொஞ்சம் பொறுங்க தங்கச்சி."

பையிலிருந்த குடையை இறுகப் பிடித்துக்கொண்டேன். அடிப்பது என்று முடிவே செய்துவிட்டேன்.

சக்கரம் மணலில் புதைந்து கார் நின்றது. அவர் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துப் பெருமூச்சு விட்டார்.

"பிரேக் பிடிக்குதில்ல. சொன்னா நீங்க பயந்திருப்பீங்க."

இறங்கி வந்து கதவைத் திறந்துவிட்டார்.

வேறு வண்டி பிடித்துக் கல்குடா வந்து சேர்ந்துவிட்டேன். இப்போது அவர் போன் செய்கிறார்: "எல்லாம் சரி பண்ணிட்டன். நாளைக்கு ஏத்த வரட்டா?"

ஆளை நம்புகிறேன். அந்த "எல்லாம்" மட்டும்தான் இடிக்கிறது. நீங்களாக இருந்தால் ஏறுவீர்களா?