சிவப்பு வட்டமிட்ட புதன்

ஒரு பழைய காலண்டர் தாள் என் மேசை மேல் இருக்கிறது. மாதத்துக்கு ஒன்றாகக் கிழிக்கும் வகை. எங்கள் சபையில் கிறிஸ்துமஸ் முடிந்ததும் வீட்டுக்கு ஒன்று கொடுப்பார்கள். முன்பக்கத்தில் ஞாயிற்றுக்கிழமைகள் அச்சிலேயே சிவப்பு. அந்த மாதத்தின் நான்கு புதன்கிழமைகளும் சிவப்புப் பென்சிலால் வட்டமிடப்பட்டிருக்கின்றன. பின்பக்கத்தில் அம்மாவின் கையெழுத்து. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிட்ட சிறு குறிப்புகள். அவற்றுக்குக் கீழே குறுக்காக ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே ஒரே ஒரு சொல்: சேவல்.

அப்பா பேருந்து நடத்துநர். நாகர்கோவிலுக்கும் கன்னியாகுமரிக்கும் இடையே ஓடிய வண்டியில் பல ஆண்டுகள் நின்றவர். கொட்டாரத்தில் எங்கள் வீடும் ஆலயமும் அந்தச் சாலை ஓரத்திலேயே இருந்தன. எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஒரு காலை நேரத்தில், சுசீந்திரம் நிறுத்தத்தில் கீரைக்கூடையோடு ஏறிக்கொண்டிருந்த ஒரு வயதான அம்மாள் படியிலிருந்து விழுந்தார். அவருடைய ஒரு கால் படியிலும் ஒரு கால் தரையிலும் இருந்தபோது, வண்டி கிளம்புவதற்கான இரட்டை விசிலை அப்பா ஊதியிருந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அதன் பிறகு அவர் எழுந்து நடக்கவில்லை. விசாரணையில் அப்பா மீது தவறில்லை என்று முடிவானது. ஓடி வந்து ஏறினாள் என்று ஓட்டுநரும் பயணிகளும் சொன்னார்கள். அப்பா அந்த வீட்டுக்கு ஒரு முறை போனார். அந்த அம்மாளின் மகன் ஒரு வார்த்தையும் பேசாமல் அப்பாவுக்குக் கடுங்காப்பி கொடுத்தாராம். அதைக் குடித்து முடிப்பதற்குள் தான் பட்ட பாட்டை அப்பா பின்னாளில் ஒரே ஒரு தடவை சொன்னார்.

அடுத்த மாதமே அப்பாவின் வார ஓய்வு ஞாயிற்றிலிருந்து புதனுக்கு மாறியது. "டூட்டிய மாத்திட்டாவ," என்று மட்டும் வீட்டில் சொன்னார். உண்மை சந்தையில் தெரிந்தது. அப்பாவோடு வேலை செய்பவரின் மனைவி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒங்க வீட்டுக்காரரு புண்ணியத்துல எங்க வீட்டுக்கு ஞாயித்துக்கெழம கெடச்சுது. அவராட்டுத் தானா வந்து கேட்டு மாத்திக்கிட்டாராம்," என்றார். அம்மா சிரித்த முகத்தோடு கேட்டுக்கொண்டார். திரும்பி வரும் வழியில், மரச்சீனிக் கிழங்குப் பையைத் தூக்கி வந்த என்னிடம், "கேட்டது கேட்டாச்சு. அப்பாட்ட வாயத் தொறக்காத, என்ன?" என்றார். எனக்கு அப்போது அதன் பொருள் விளங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓய்வு இருந்தால் ஆலயத்துக்குப் போக வேண்டியிருக்கும். அப்பாவுக்கு அங்கே போக முகம் இல்லை.

அம்மா அப்பாவிடம் எதையும் கேட்கவில்லை. என் பென்சில் டப்பாவிலிருந்து சிவப்புப் பென்சிலை எடுத்து, காலண்டரில் இருந்த புதன்கிழமைகளையெல்லாம் வட்டமிட்டார். "உங்களுக்கு ஞாயிறு இல்லன்னா போட்டு. இந்த வீட்டுக்கு இனிமே புதன்கிழமையும் ஞாயிறாக்கும்," என்றார்.

அன்றிலிருந்து எங்களுக்கு வாரத்தில் இரண்டு ஞாயிறு. முதலாவது ஆலயத்தில். அம்மாவும் தம்பியும் நானும் வரிசையாக உட்கார்ந்திருப்போம். பிரசங்கத்தின் நடுவே வெளியே அப்பாவின் வண்டி வந்து நிற்கும். நிற்பதற்கு ஒரு விசில். பிறகு போவதற்கு இரண்டு. அந்த ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையே மற்ற நடத்துநர்கள் எடுப்பதைவிட அப்பா அதிக நேரம் எடுத்துக்கொள்வார். படியை இரண்டு முறை பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். இரண்டாவது ஞாயிறு புதன்கிழமை மாலை ஐந்து மணிக்கு, வீட்டில். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சீருடையைக் கழற்றி ஆலயத்துக்குப் போடும் உடுப்பைப் போட வேண்டும். அம்மா நல்ல சேலை உடுத்து, தலையில் முக்காடிட்டுப் பாயில் உட்காருவார். புதன்கிழமை ஆட்டிறைச்சி கிடைக்காது என்பதால் விருந்து சாளை மீன் குழம்பும் மரச்சீனியும். பக்கத்து வீட்டு அத்தை, நெற்றியில் திருநீறு மாறாதவர், வேலிக்கு அப்பால் நின்று கேட்பார்: "என்ன மைனி, ஒங்க சாமி வாரத்துல ரெண்டு நாளு வேலைக்கு வாறாரா?"

"எங்க வீட்டுல ஒரு ஆளு டூட்டி மாறிட்டாரு மைனி. சாமியும் கூடவே மாறிக்கிட்டாரு."

தம்பி ஒரு முறை ஞாயிறு பள்ளியில், ஆராதனை நாள் எது என்று ஆசிரியை கேட்டதற்கு, எழுந்து நின்று "புதன்" என்று சொல்லி அடி வாங்கினான். அவனைப் பொறுத்தவரை அது சரியான விடை.

பின்னாளில் செய்தித்தாளில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்தபோது, எனக்கு அந்தத் தொழில் புதிதாகத் தோன்றவில்லை. நான் பார்த்த முதல் செய்தியாளர் அம்மாதான். போதகரை எங்கள் பக்கம் ஐயர் என்போம். ஐயர் முக்கால் மணி நேரம் சொன்ன பிரசங்கத்தை, கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கமோ கிடைத்த வேறு காகிதத்திலோ மூன்று குறிப்புகளாக எழுதி வைத்து, புதன்கிழமை பத்து நிமிடத்தில் அப்பாவுக்குச் சொல்லிவிடுவார். அதற்கு முன்னால் மற்ற செய்திகள் வரும்: யார் பிந்தி வந்தார்கள், பாடகர் குழுவில் யார் தொண்டை கட்டிப்போய்க் கத்தினார்கள், யார் வீட்டுக் குழந்தை ஞானஸ்நானத் தொட்டிக்குள் கையை விட்டது. அப்பா வாசலோரம் பிரம்பு நாற்காலியில், கையில் செய்தித்தாளோடு, சேர்ந்தும் சேராமலும் உட்கார்ந்திருப்பார். "ஆர்மோனியத்த நன்னாக்கியாச்சா?" என்பது போன்ற கேள்விகளுக்கு மேல் எதுவும் கேட்க மாட்டார்.

குடும்ப ஜெபத்தில் கடைசியாக ஜெபிக்க வேண்டியது வீட்டுத் தலைவர். எங்கள் சபையார் வீடுகளில் அது வழக்கம். அம்மா அந்த இடத்தை எடுத்துக்கொள்ளவில்லை. தன் ஜெபத்தை முடிக்கிற இடத்தில் நிறுத்துவார். காத்திருப்பார். ஒரு நிமிடம் இருக்கும். கண்ணைப் பாதி திறந்து பார்ப்பேன். அப்பாவின் கண்கள் திறந்தே இருக்கும், காலண்டரைப் பார்த்தபடி. பிறகு அம்மா பரமண்டல ஜெபத்தைத் தொடங்குவார், நானும் தம்பியும் சேர்ந்துகொள்வோம். ஐந்து ஆண்டுகள், ஒவ்வொரு புதன்கிழமையும், அந்த ஒரு நிமிடம் காலியாகவே போனது. அம்மா அதை ஒரு வாரமும் சுருக்கவில்லை.

எனக்குப் பதின்மூன்று வயதான ஆண்டில் ஒரு புதன்கிழமை அம்மா சொன்னார்: "ஐயரு இந்த வாரம் ஒண்ணு சொன்னாரு, கேளுங்க. பேதுரு ஆண்டவரத் தெரியாதுன்னு மூணு வாட்டி சொன்னான். சேவல் கூவிச்சு. அழுதான். அது எல்லாருக்கும் தெரிஞ்ச கதை. ஆனா அதுக்கப்புறமும் சேவல் தெனமும் கூவத்தானே செய்யும்? சாவுற வரைக்கும் அவன் அந்தச் சத்தத்தக் கேட்டுத்தானே எந்திச்சிருப்பான்? ஆண்டவரு சேவலு வாய அடைக்கல்ல. அவன எழுப்பி வேலைக்கு அனுப்பினாரு."

அப்பா செய்தித்தாளை மடித்தார். "ஐயரு கோழி வளத்திருப்பாரு போல," என்றார். அன்றும் அந்த ஒரு நிமிடம் காலியாகவே போனது. ஆனால் அவர் காலண்டரைப் பார்க்கவில்லை. தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அந்த ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் இருந்தவள்தான். ஐயர் என்ன பேசினார் என்று என்னைக் கேட்டிருந்தால் தெரியாது என்றுதான் சொல்லியிருப்பேன். பிரசங்கத்தை நான் கவனித்ததில்லை.

மறுநாள் பள்ளிக்கு அப்பாவின் வண்டியில் போனேன். ஆலய நிறுத்தத்தில் ஐயர் ஏறினார். அப்பா அவருக்கு இடம் பார்த்து உட்கார வைத்தார். சீட்டைக் கொடுக்கும்போது, எனக்குக் கேட்கும் தூரத்தில், தணிந்த குரலில் சொன்னார்: "ஐயா, ஞாயித்துக்கெழம நீங்க சொன்ன சேவல் காரியம் மனசுலயே நிக்கி."

"சேவலா? நான் விதைக்கிறவன் உவமையல்லவா சொன்னேன்?"

"இல்ல ஐயா, பேதுரு... சேவல் தெனமும் கூவத்தானே செய்யும்னு..."

"பேதுருவப் பத்தி நான் பேசவே இல்லையேப்பா. நல்லாத்தான் இருக்கு. யாரு சொன்னது?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் சன்னல் வழியாக வயலைப் பார்த்தேன். அடுத்த நிறுத்தம் வந்து, ஆட்கள் ஏறி, இறங்கி, வண்டி அப்படியே நின்றது. "ஓய், விசிலு!" என்று ஓட்டுநர் கத்தினார். அப்பா படியை எட்டிப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பிறகு ஊதினார்.

அடுத்த புதன்கிழமை அம்மா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, "ஐயரு என்ன சொன்னாருன்னா," என்று தொடங்கியதும், "ஐயரு சொன்னது கெடக்கட்டும் ஏட்டி. நீ என்ன சொல்லுத? அதச் சொல்லு," என்றார் அப்பா.

அம்மாவின் முகம் மாறியது. "என்னத்துக்கு இப்ப இப்பிடிக் கேக்கீங்க?"

"ஐயரு இந்த மாசம் சேவலத் தொடவே இல்லியாம். வெதக்கிறவனாம். ஐயரு பேரச் சொல்லிப் பொய் சொல்லுதியே, வெக்கமா இல்லியா ஒனக்கு?"

"ஐயரு சொன்னாருன்னா காது குடுப்பீங்க. நான் சொன்னா, உப்பு கூடிப்போச்சுன்னு எந்திச்சுப் போவீங்க."

அப்பா சிரித்துவிட்டார். அந்த விபத்துக்குப் பிறகு அவர் அப்படிச் சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை. தம்பியும் காரணம் தெரியாமல் சிரித்தான். அம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜெபத்தைத் தொடங்கினார். வழக்கமான இடத்தில் நிறுத்தினார். காத்திருந்தார். சாலையில் ஏதோ ஒரு வண்டி நின்று கிளம்பியது.

"ஆண்டவரே, நான் பாக்காம ஊதிட்டேன்," என்றார் அப்பா.

அதற்குப் பிறகு அந்தக் கீரைக்கார அம்மாளின் பெயரைச் சொன்னார். அந்தப் பெயரை அன்றுதான் நாங்கள் முதன்முதலாகக் கேட்டோம். அம்மா உடனே பரமண்டல ஜெபத்தைத் தொடங்கவில்லை, தொடங்க முடியவில்லை. தொடங்கியது அப்பா. பிறகு நால்வரும் பாயில் உட்கார்ந்து சாப்பிட்டோம். "உப்பு கொஞ்சம் கூடுதல்தான்," என்றார் அப்பா. "இன்னைக்கு நீங்க என்ன சொன்னாலும் சாரமில்ல, சொல்லிக்கிடுங்க," என்று அம்மா அவர் தட்டில் இன்னொரு சாளையை வைத்தார். அந்த வீட்டில் நான் கண்ட பெரிய பண்டிகை அதுதான்.

அப்பா ஞாயிறு ஓய்வைத் திரும்பக் கேட்கவில்லை. அதை வாங்கிக்கொண்டவருக்குச் சிறு குழந்தைகள் இருந்தார்கள். பணி ஓய்வுக்குப் பிறகு அப்பாவும் அம்மாவும் ஞாயிறுதோறும் சேர்ந்து ஆலயத்துக்குப் போனார்கள். புதன்கிழமை வட்டங்கள் அப்போதும் நிற்கவில்லை.

நான் சென்னையில் வேலை செய்கிறேன். எனக்கு ஞாயிற்றுக்கிழமை வேலை நாள், செவ்வாய் ஓய்வு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அம்மா காய்ச்சலில் படுத்திருந்தபோது வெள்ளிக்கிழமை தொலைபேசியில் கேட்டார்: "எப்ப வாற மக்கா?" செவ்வாய்க்கிழமை லீவு, அன்றைக்கு வருகிறேன் என்றேன். "சரி, சாளை வாங்கி வைக்கச் சொல்லுதேன்," என்றார். ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில், நான் தலைப்புகளைத் திருத்திக்கொண்டிருந்த நேரத்தில், அம்மா இறந்துபோனார். காய்ச்சல்தானே என்று நான் நினைத்தது தவறு என்று யாரும் சொல்லவில்லை. அப்பாவும் சொல்லவில்லை. அடக்கம் முடிந்து வந்ததிலிருந்து நான் ஆலயத்துக்குள் போகவில்லை, ஜெபிக்கவும் இல்லை.

அடக்கம் முடிந்த அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் மாலை ஐந்து மணிக்கு அப்பா தொலைபேசியில் அழைக்கிறார். யார் பிந்தி வந்தார்கள், யார் கத்தினார்கள், ஐயர் என்ன சொன்னார். பிறகு சிறிய ஜெபம். ஓரிடத்தில் நிறுத்துவார். அவருடைய மூச்சும், சாலையில் விசில் சத்தமும் கேட்கும். நான் பேச மாட்டேன். ஒரு நிமிடம் கழித்து அவர் தனியாகப் பரமண்டல ஜெபத்தைச் சொல்லி முடிப்பார்.

சென்ற மாதம் ஒரு செவ்வாயன்று சொன்னார்: "ஐயரு ஒண்ணு சொன்னாரு மக்கா. லாசரு செத்துப்போன வீட்டுக்கு ஆண்டவரே நாலு நாளு பிந்தித்தான் போனாரு. அவனுக்குக் கூடப்பொறந்த அக்காளும் தங்கச்சியும் சங்கடத்தச் சொன்னாவளே தவிர, பிந்தி வந்த ஆளுன்னு வாசல்ல நிறுத்தல்ல. போய்க் கூட்டிட்டுத்தான் வந்தாவ." சரிப்பா என்றேன். அன்றும் ஒரு நிமிடம் காலியாகவே போனது.

இந்த மாதம் ஒரு செவ்வாயன்று ஊருக்குப் போனேன். காலண்டரில் செவ்வாய்க்கிழமைகள் சிவப்புப் பென்சிலால் வட்டமிடப்பட்டிருந்தன. அம்மாவின் அலமாரியில், சேலைகளுக்கு அடியில், பழைய தாள்களை அப்பா அடுக்கி வைத்திருந்தார். சேவல் என்று எழுதிய தாளை அங்கேதான் பார்த்தேன். மேலாக இருந்தது சென்ற மாதம் குறிப்பெழுதிய தாள். திருப்பினேன். அப்பாவின் கையெழுத்தில் ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றும் பத்துக் கட்டளைகளைப் பற்றியவை. கீழே ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே: பிந்தி வந்தவர்.

அப்பா அடுக்களையில் மீன் சட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். அவரிடம் எதுவும் கேட்கவில்லை. செய்திக்கு மூலம் எது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

ஐந்து மணிக்குப் பாயை விரித்தார். ஜெபத்தில் வழக்கமான இடத்தில் நிறுத்தினார். இந்த முறை அவர் முகம் எதிரில் இருந்தது. கண்கள் மூடியிருந்தன.

"ஆண்டவரே, நான் செவ்வாய்க்கிழமை வாறேன்னு சொல்லிட்டேன்," என்றேன். பிறகு அம்மாவின் பெயரைச் சொன்னேன். அதற்கு மேல் வரவில்லை. அப்பா பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினார், நானும் சேர்ந்துகொண்டேன். சாளைக் குழம்பில் உப்பு கூடியிருந்தது. அதைச் சொன்னேன். அப்பாவுக்குச் சந்தோஷம்.

புறப்படும்போது இரண்டு தாள்களைக் கேட்டு வாங்கி வந்தேன். மேசை மேல் இப்போது பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் புதன், ஒன்றில் செவ்வாய். அம்மாவின் வட்டங்கள் ஒரே வீச்சில் போட்டவை, சுத்தமாக மூடியிருக்கின்றன. அப்பாவுக்குக் கை நடுங்கும். அவருடைய கோடு எண்ணைச் சுற்றி அலைந்து, வெளியே கொஞ்சம் வழி தவறி, தொடங்கிய இடத்துக்குப் பிந்தித்தான் வந்து சேர்ந்திருக்கிறது.