இடது ஏழு

ஆஸ்பத்திரியில் ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் அறையில் இருபத்திரண்டு வருடமாக வேலை பார்க்கும் டெக்னீஷியன் அவள். நோயாளிகள் எல்லோருக்கும் அவள் ‘சிஸ்டர்’. நான் நர்ஸ் இல்லை என்று சொல்லிச் சொல்லி அலுத்துப்போய் விட்டுவிட்டாள். கூட வேலை செய்பவர்களுக்கு அவள் டிக் அக்கா. எதைச் செய்தாலும் தாளில் ஒரு டிக் விழுந்தால்தான் அவளுக்குச் செய்த மாதிரி. வெளியூர் கிளம்பினால் கேஸ் மூடியதற்கு ஒரு டிக், பின்கதவுக்கு ஒரு டிக். “என்னைப் பெத்ததுக்கும் அம்மா டிக் போட்டிருப்பா” என்பாள் மகள். “போட்டா. நான்தான் பேனா எடுத்துக் குடுத்தேன்” என்பார் கணவர், பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே.

கேலி செய்ய வசதியான பழக்கம்தான். ஆனால் அந்த அறையில் டிக் என்பது விளையாட்டில்லை.

அபூர்வமாகச் சிலருக்கு வரும் ஒரு கோளாறு இருக்கிறது. தண்டுவடத்தை மூடியிருக்கும் உறையில் ஒரு தமனி தன் வழியை விட்டுவிட்டு நேராக ஒரு சிரையோடு ஒட்டிக்கொள்ளும். ரத்தம் வடிந்து போக வேண்டிய சிரையில் அழுத்தம் ஏறும், தண்டுவடம் வீங்கும், கால்கள் மெல்ல மெல்லச் சொன்ன பேச்சைக் கேட்காமல் போகும். ஒட்டிய இடம் கடுகளவுதான். அது எங்கே என்று கண்டுபிடிக்க, தொடை மடிப்பு வழியாக மெல்லிய குழாயை விட்டு, ஒவ்வொரு விலாவுக்கும் இடமும் வலமுமாகப் பிரியும் தமனிகளில் ஒவ்வொன்றாகச் சாயம் செலுத்திப் படமெடுக்க வேண்டும். இருபத்தைந்துக்குக் குறையாது. அதில் ஒன்று விட்டுப்போனாலும் பட்ட பாடெல்லாம் வீண். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து, திரையில் விலாவை எண்ணி, எண்ணை உரக்கச் சொல்லி, அப்புறம் டிக் போடுவது அக்காவின் வேலை.

அந்தப் பெயிண்டர் கைத்தடி ஊன்றி நடந்துதான் வந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஏணியில் நாலு படி ஏறினால் கால் கனக்கிறது, உட்கார்ந்தால் சரியாகிறது என்று ஒரு வருடமாக அலைந்தவர். முதுகு ஜவ்வு என்றார்கள், வயசு என்றார்கள், பெல்ட் போடச் சொன்னார்கள். கடைசியில் ஸ்கேனில் தண்டுவடத்துக்குப் பின்னால் சிறு சிறு கறுப்புப் புள்ளிகளைப் பார்த்துச் சந்தேகப்பட்டு, அக்காவின் அறை டாக்டர்தான் இந்தப் பரிசோதனைக்கு வரச் சொன்னார்.

மூன்று மணி நேரம் ஆனது. ஈயக் கவசத்தின் பாரத்தில் டாக்டருக்கு இடுப்பு விட்டுப்போனது. பெயிண்டரின் கால் தானாகத் துள்ளிக்கொண்டே இருந்தது. இனி நிறையச் சாயம் செலுத்தினால் சிறுநீரகம் தாங்காது. “இடது ஏழு” என்றார் டாக்டர். அக்கா டிக் போட்டாள்.

எந்தத் தமனியிலும் கோளாறு தெரியவில்லை என்று ரிப்போர்ட் போனது. அப்படியானால் இது தண்டுவட அழற்சி என்று வார்டில் முடிவு செய்து ஸ்டீராய்டு ஏற்ற ஆரம்பித்தார்கள். இந்தக் கோளாறு உள்ளவர்களுக்கு அது ஆகவே ஆகாது.

பதினோராம் நாள் மதியம், லிஃப்ட் வாசலில் சக்கர நாற்காலியில் பெயிண்டரைப் பார்த்தாள் அக்கா. மடியில் சிறுநீர்ப் பை. கால்கள் இரண்டும் யாரோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனவை மாதிரி கிடந்தன.

“படமெல்லாம் நல்லா இருக்குன்னு சொல்லிட்டாங்க சிஸ்டர்” என்றாள் அவர் மனைவி. “ஆனா மருந்து ஏறுனதுலேர்ந்து சுத்தமா படுத்துட்டாரு.”

அக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலே அறைக்குப் போய்ப் பழைய படங்களை ஒவ்வொன்றாக ஓட்டினாள். இடது ஆறு. அதே வளைவு, அதே சின்னக் கவட்டையோடு அடுத்த படமான இடது ஏழு. விலாவை எண்ணினாள். மறுபடியும் எண்ணினாள். பெயிண்டர் மூச்சு விட்டபோது குழாய் நழுவித் திரும்பவும் ஆறுக்குள்ளேயே போயிருந்தது. ஏழாவதை யாரும் பார்க்கவே இல்லை. தாளில் மட்டும் டிக் அழகாக இருந்தது. டாக்டரின் குரலைக் கேட்டுப் போட்ட டிக், கண்ணால் பார்த்துப் போட்டதல்ல.

படம் கொஞ்சம் மங்கல், ஒருமுறை திரும்ப எடுத்துவிடலாமா சார் என்று கேட்டிருக்கலாம். காரியமும் ஆகியிருக்கும், பெயரும் கெடாது. மாடிப்படி ஏறும்வரை அந்த வாக்கியத்தைத்தான் மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். டாக்டர் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை.

“சார், ஏழு எடுக்கவே இல்ல. ஆறையே ரெண்டு தடவ எடுத்துட்டோம். பாக்காம டிக் போட்டுட்டேன்.”

டாக்டர் படங்களை வெகுநேரம் பார்த்தார். “ஏழுன்னு சொன்னது நான்தானே” என்றார்.

“நீங்க சொன்னாலும் எண்ணிப் பாக்கணும்னுதானே சார் என்னை உக்கார வச்சிருக்கு?”

டாக்டர் வார்டுக்குப் போன் செய்து ஸ்டீராய்டை நிறுத்தச் சொன்னார்.

மறுநாள் காலை முதல் ஆளாகப் பெயிண்டரைப் படுக்க வைத்தார்கள். இம்முறை அக்கா விலாவை மேலிருந்து ஒருமுறையும் கீழிருந்து ஒருமுறையும் எண்ணினாள். இடது ஏழில் சாயம் போனது. கலைந்து மறைய வேண்டியது மறையாமல், தண்டுவடத்தை ஒட்டி நெளிந்து நெளிந்து மேலே ஏறியது. அதற்கு இரண்டாம் நாள் அறுவை சிகிச்சை டாக்டர் முதுகைத் திறந்து, அந்த ஒரே ஒரு சிரையைக் கண்டுபிடித்து மூடித் துண்டித்தார்.

“மொதல் தடவ சரியாத் தெரியல, ரெண்டாவது தடவ தெரிஞ்சிடுச்சு” என்று வீட்டாருக்குச் சொல்லப்பட்டது. பொய்யென்றும் சொல்ல முடியாது. அக்காவால்தான் அதை விழுங்க முடியவில்லை. வீட்டில் டிக் போடுவதை நிறுத்திவிட்டாள். கணவர் இரண்டு நாள் கேலி செய்து பார்த்தார், பிறகு விஷயம் தெரிந்து வாயை மூடிக்கொண்டு பின்கதவைத் தானே பூட்டினார்.

மூன்று மாதம் கழித்துப் பெயிண்டர் வாக்கரைப் பிடித்து நடந்து வந்தார். சட்டைக்குக் கீழே சிறுநீர்ப் பை அப்படியே இருந்தது. மனைவி ஒரு பை நிறைய ஆப்பிளை மேஜையில் வைத்தாள்.

“நீங்கதான் கண்டுபுடிச்சீங்கன்னு வார்டுல சொன்னாங்க சிஸ்டர்” என்று பெயிண்டர் கையெடுத்துக் கும்பிட்டார். “நீங்க நல்லா இருக்கணும்.”

கும்பிட்ட கைகளைப் பார்க்க அக்காவுக்குப் பொறுக்கவில்லை. உட்காரச் சொன்னாள். எல்லாவற்றையும் சொன்னாள். ஆறு, ஏழு, டிக், பதினோரு நாள்.

பெயிண்டர் சிறுநீர்ப் பையைத் தொட்டுக் காட்டினார். “அப்ப இது அந்தப் பதினோரு நாளால வந்ததா?”

“அப்படித்தான் இருக்கணும். அதுக்கு முன்னாடி உங்களுக்கு இது இல்ல.”

“சொல்லாம இருந்திருந்தா நான் பாட்டுக்குக் கும்புட்டுட்டுப் போயிருப்பேனே. எதுக்குச் சொன்னீங்க?”

“அதான், நீங்க கும்புட்டீங்களே. தாங்க முடியல.”

மனைவி எழுந்தாள். மேஜையிலிருந்த ஆப்பிள் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். “வச்சதை எடுக்காதேம்மா” என்றார் பெயிண்டர். அவள் காதில் போட்டுக்கொள்ளாமல் முன்னால் போய்விட்டாள். எடுத்தது நியாயம்தான் என்று அக்காவுக்குத் தோன்றியது.

அறைக் கதவு ஈயம் பதித்தது, கனமானது. அக்கா அதை முதுகால் தள்ளிப் பிடித்துக்கொண்டு நின்றாள். பெயிண்டர் வாக்கரை நிலைக்கு வெளியே வைத்தார். வலது காலைத் தூக்கி வைத்தார். இடது கால் கொஞ்சம் யோசித்துவிட்டு வந்தது. அவள் பக்கம் திரும்பாமல் சொன்னார்:

“நடக்குறேன். கண்ணால பாத்துக்குங்க.”