சித்தி கலியாணத்தில் துரை வீட்டு ரெக்கோட்

போன கிழமை மகளின் கைபேசியில் ஒரு வயலின் இசை கேட்டது. இது எங்கள் சித்தி கலியாணத்தில் போட்டது என்றேன். மகள் நம்பவில்லை. வெளிநாட்டுக்காரர் ஒருவர் நூறு வருஷத்துக்கு முன்னால் எழுதியதாம், மூன்று நிமிஷம்தானாம். கலியாணத்துக்கு எழுதியதும் இல்லையாம்.

சித்தியை றொசல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் கட்டிக் கொடுத்தார்கள். முகூர்த்த நாள் என்பதால் மேளக்காரர் யாரும் கிடைக்கவில்லை. தாய்மாமாவிடம் ஒலிபெருக்கியும் ஒரு பெட்டி நிறைய ரெக்கோட் தட்டுகளும் இருந்தன. நாதஸ்வர ரெக்கோட் இருக்கிறது, தங்கச்சி கலியாணத்துக் கெட்டிமேளம் என் பொறுப்பு என்று மாப்பிள்ளை வீட்டில் மார்தட்டிவிட்டு வந்திருந்தார்.

தோட்டத்து லொறியில் போனோம். லொறித் தரையெல்லாம் தேயிலைத் தூசி. எனக்கோ புதுக் கவுன். சுத்தமாக இருந்தது மாமாவின் அட்டைப் பெட்டி ஒன்றுதான். அதன்மேல் உட்கார்ந்தேன். வட்டவளை வளைவில் லொறி குலுங்கியபோது எனக்குக் கீழே ‘டிக்’ என்று ஒரு சத்தம். மெதுவாக எழுந்து நின்றுகொண்டேன். வாய் திறந்து ஒன்றைச் சொல்வது எனக்கு இன்றைக்கே அரைகுறை. அன்றைக்குச் சுத்தமாக வராது.

கோயிலில் மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். பூசாரி மாமாவைப் பார்த்துக் கை காட்டினார். மாமா உறையிலிருந்து ரெக்கோட்டை உருவினார். பாதிதான் வந்தது.

தாலி ஏறும்போது தும்மலோ வேண்டாத பேச்சோ காதில் விழக்கூடாது என்றுதான் கெட்டிமேளம். அது இல்லாமல் தாலி கட்டவிட மாட்டேன் என்று மாப்பிள்ளையின் பெரியப்பா காலையிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டியில் மற்றதெல்லாம் சினிமாவில் காதலி செத்த பிறகு பாடுகிற பாட்டுகள். நான் தூணுக்குப் பின்னால் ஒதுங்கினேன். மாமா பெட்டியின் அடியில் கையை விட்டார். தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சீமைக்குப் போனபோது அவர் பங்களாவில் சமைத்த அப்பு கொடுத்த ரெக்கோட் ஒன்று, மற்றவை ஆடாமலிருக்க அடியில் கிடந்தது. அதைப் போட்டார்.

ஒற்றை வயலின். மழை விட்ட பிறகு லயத்து வீட்டுத் தகரக் கூரையிலிருந்து சொட்டுகிற மாதிரி பின்னால் பியானோ. கோயில் அப்படியே அடங்கிப்போனது. பூசாரிக்கு முன்னால் மைக் திறந்தபடி இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மாப்பிள்ளை குனிந்து கேட்டது மலை முழுக்கக் கேட்டது.

“பயமா இருக்கா?”

“எனக்கு இல்லீங்க. ஒங்க கைதான் நடுங்குது.”

கூட்டம் சிரித்த சிரிப்பில் தாலி ஏறியது. பெரியப்பாவும் சிரித்துவிட்டார். பிறகு, இது என்ன மேளம் என்று மாமாவைக் கேட்டார்.

“தொரமாரு கலியாணத்துல இதுதாங்க கெட்டிமேளம். தங்கச்சிக்குன்னே எடுத்தாந்தேன்.”

பெரியப்பா தலையாட்டி, இன்னொரு தடவை போடச் சொன்னார். பந்தி முடிவதற்குள் நாலு தடவை ஓடியது.

உடைந்ததைப் பற்றி மாமா யாரையும் கேட்கவில்லை. நான் பிழைத்தேன் என்று இரண்டு லட்டு கூடுதலாகத் தின்றேன். திரும்பும்போது எல்லாரும் லொறியின் பின்னால் ஏற, மாமா என்னை மட்டும் தூக்கி டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்.

“எம் மருமக இங்கதான் ஒக்காரணும். பின்னால போனா கவுன் அழுக்காயிரும்.”

பெட்டியைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அவர் பின்னால் வந்தார். புதுக் கவுனுக்குக் கிடைத்த மரியாதை என்று வீடு வரும்வரை நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன்.