தம்பி சைக்கிளின் செயின்

வெளிநாட்டில் இருக்கிறவர்களே, லீவில் ஊருக்குப் போனால் தம்பி சைக்கிளைத் தொட்டுவிடாதீர்கள். விருத்தாசலத்தில் எங்கள் வீட்டு வாசலில் அதைக் கவிழ்த்துப்போட்டு நான் செயின் துடைத்துக்கொண்டிருந்தேன். தம்பி மனைவி டீயைத் தரையில் வைத்துவிட்டு, என் கையையே பார்த்தபடி உள்ளே போனாள்.

தம்பி குமரவேல் அந்தச் சைக்கிளில்தான் பீங்கான் கம்பெனிக்குப் போய்வருகிறான். அங்கே பறக்கிற வெள்ளை மண் எண்ணெயோடு சேர்ந்து செயினில் அப்பியிருந்தது. விட்டால் இரும்பைத் தேய்த்துத் தின்றுவிடும். கம்பி பிரஷ் கீறும், ஆசிட் இரும்பைக் கெடுக்கும். அடுப்பிலிருந்து தள்ளி உட்கார்ந்துகொண்டால் கொஞ்சம் மண்ணெண்ணெய், பழைய பல் பிரஷ், பனியன் துணி போதும். காய்ந்த பிறகு ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துடைத்துவிட வேண்டும்.

நான் இருக்கிற டென்மார்க்கில் பக்கத்து வீட்டு யென்ஸ் இப்படித்தான் செய்தார். பனிக்காக ரோட்டில் தூவுகிற உப்பில் என் செயின் துருவேறிக் கிடந்தது. கேட்காமலே உட்கார்ந்து துடைக்க ஆரம்பித்துவிட்டார். சோழியன் குடுமி சும்மா ஆடுமா? என்ன கேட்கப் போகிறாரோ என்று கணக்குப் போட்டுக்கொண்டே நின்றேன். முடித்ததும் முந்திக்கொண்டு பணத்தை நீட்டினேன். மனுஷன் முகம் செத்துப்போனது. இப்போதெல்லாம் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போகிறார்.

செயினை மாட்டி முடித்தபோது குமரவேல் வந்து நின்றான்.

"யாராச்சும் பாக்க வராங்களாண்ணே?"

எனக்குப் புரியவில்லை.

"முந்தாநேத்து கேட்டுக்குப் பெயின்ட் அடிச்சீங்க. நேத்து கூரை ஓட்ட மாத்த ஆளு கூப்டீங்க. இன்னிக்கி சைக்கிளு. சந்தைக்குப் போற மாட்டத்தான் இப்படிக் குளுப்பாட்டுவாங்க. வூட்ட விக்கறதுன்னா நேராவே சொல்லிடுங்க. புள்ளைங்கள இட்டுக்கிட்டு நான் வேற எடம் பாக்கணும்."

அப்பா கட்டிய வீடு. அவர் போன பிறகு எங்கள் இருவருக்கும் பொது. விற்கிற எண்ணமே இல்லை, வேண்டுமென்றால் என் பாகத்தையும் உனக்கே எழுதித் தருகிறேன் என்றேன். அதைக் கேட்டுச் சந்தோஷப்படுவான் என்றுதான் நினைத்தேன், பைத்தியக்காரன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"அதுக்கு என்னாண்ணே கேப்பீங்க?"

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டான். செயின் சத்தமே போடவில்லை. கை இரண்டும் கரியாக நின்றேன். தம்பி மனைவி கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள். நான் பிறந்து வளர்ந்த வீடு, குழாய் எங்கே என்று எனக்குத் தெரியாதா?

"உள்ள வந்து கை கழுவிக்கட்டுமாம்மா?" என்று கேட்டேன்.