மாமாவின் வாதத்தை நான் எடுத்துரைத்த நாள்

எண்பதுகளின் நடுவில் விழுப்புரத்தில் எழுத்தராகப் பணியாற்றினேன். மாலைகளில் மேடைப் பேச்சாளன். நான் எழுந்ததும் எதிரணியினர் தம் குறிப்புகளை அவசரமாகத் திருத்துவதைக் கண்டு மகிழ்ந்தவன். பிணக்குத் தீர்வு பற்றிய முதுகலைப் படிப்பில் அஞ்சல்வழியாகச் சேர்ந்ததும் அந்தச் செருக்கோடுதான்.

ஞாயிறுதோறும் திண்டிவனத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் நேர்முக வகுப்பு. குழந்தைகளின் பெஞ்சில் முழங்கால் இடிக்க வங்கி ஊழியரும் தலைமைக் காவலரும் அமர்ந்திருப்பார்கள். பயிற்சி எளியது. ஒருவர் தம் குறையைச் சொல்வார். மற்றவர் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். ‘ஆமாம், இதுதான்’ என்று அவர் ஒப்பும்வரை மேலே பேசக் கூடாது. என் இணையாக வாய்த்த ரேஷன் கடைக்காரர் சிரித்தார்.

“நான் சொன்னத விட நீங்க சொல்றது ஜோரா கீது சார். ஆனா நான் அத சொல்லலியே.”

அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

அப்போது அக்கா கண்டமங்கலத்தில் கணவரை விட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு வந்து நான்கு மாதம். மாமியாரின் ஏச்சு தாங்கவில்லை, தனிக்குடித்தனம் கேட்டாள், அவள் கணவர், புதுச்சேரி மில்லில் வேலை செய்த மாமா, மறுத்துவிட்டார். ஒரு விடுமுறை நாளில் அவரே பேச வந்தார். அக்கா விடியலிலேயே பெட்டியை அடுக்கிவிட்டாள்.

“அவரு ஒரு வார்த்தை எறங்கி வந்தா போதும், போயிடுவேன். நீதான் இதுக்குன்னே படிக்கிறியே, நடுவுல இருந்து பேசுடா.”

மாமா தரையைப் பார்த்தபடி தொடங்கினார். “அம்மா வேணும்னு திட்றது இல்ல. பாத்திரத்த எடம் மாத்தி வச்சிட்டா, அதுக்கு...”

சொல் கிடைக்காமல் நிறுத்தினார். நான் காத்திருக்கவில்லை.

“ஆக மாமா, ஒரு பாத்திரம் இடம் மாறியதற்காக ஒரு பெண்ணை நாளெல்லாம் வசைபாடலாம், அதைத் தாங்கிக்கொள்வதே இல்லறம். இதுதானே உங்கள் கட்சி?”

எதிரணியின் வாதத்தை உடைப்பதற்கு வாகாக எடுத்துவைப்பது மேடையின் பழக்கம். அப்பா தம்மை அறியாமல் சிரித்துவிட்டார். மாமா எழுந்தார்.

“உன்னாண்ட பேச எனக்குத் தெரியாது மச்சான். வர்றேன்.”

அக்கா கூப்பிடவில்லை. பெட்டியின் மேல் வைத்த கையை எடுக்கவுமில்லை.

இரண்டு மாதம் கழித்து உறவினர் ஒருவர் சொல்லித்தான் தெரிந்தது: மாமாவின் அம்மாவுக்குக் கண்பார்வை போய்க்கொண்டிருந்தது. வைத்த இடத்தில் தடவித்தான் எதையும் எடுப்பார். யாரிடமும் சொல்லாதே என்று மகனிடம் சத்தியம் வாங்கியிருந்தார். அன்று மாமா அதை மீறத்தான் வந்திருந்தார். அதன்பின் அக்கா எழுதிய இரண்டு கடிதங்களுக்கும் பதில் இல்லை. நான் நேரில் போனேன். மாமா மோர் கொடுத்தார், பக்கத்து ஊரில் வேறு பெண் பேசி முடித்தாயிற்று என்றார்.

அதன்பிறகு சாப்பிடும்போது நான் எதையாவது விளக்கத் தொடங்கினால், அக்கா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள்.